சாலில் தொடங்கிய குழாய்க் கடை

எங்கள் கடையில் பில் போடும் மேசைக்கு மேலே, ஒரு சாண் நீளமுள்ள அரை இஞ்சு ஜி.ஐ. குழாய்த் துண்டு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டு, ஆணியில் தொங்குகிறது. ஒரு பழைய வீட்டின் உப்புத் தண்ணீர் லைனிலிருந்து அறுத்தெடுத்தது. உள்ளே உப்பும் துருவும் ஏடு ஏடாகப் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருக்கிறது. "மேல தொட்டி நெறையத் தண்ணி இருக்குதுங், பாத்ரூம்ல மட்டும் நூலாட்ட வருதுங்" என்று வருபவர்களிடம் அப்பா எதையும் விளக்கமாட்டார். அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். பெரும்பாலோர் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை.

கடையைத் தொடங்கியவர் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. அவர் குழாய் வேலைக்காரராகத் தொடங்கியவர் அல்லர். கோவைக்குக் கிழக்கே, சிங்காநல்லூர் தாண்டியுள்ள தோட்டங்களில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில், ஓட்டை விழுந்த இரும்புச் சால்களுக்கு, அதாவது இறைக்கும் பெரிய வாளிகளுக்கு, தகடு வைத்து ஆணியடித்துத் தருவது அவர் தொழில். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலேறி, அதன் தோல் வால் வழியாக வாய்க்காலில் தண்ணீர் கொட்டும். சால் ஒழுகினால் பாதித் தண்ணீர் மீண்டும் கிணற்றுக்கே போய்விடும் என்பதால், அப்பாருவுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்ததாம்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்த ஊரே மெல்ல மோட்டாரும் பம்பும் செய்யும் ஊராக மாறியது. 1957இல் மின்சார வாரியம் அமைந்த பிறகு கம்பி தோட்டங்களுக்குள் வேகமாக வந்தது. மோட்டார் வைத்த தோட்டத்தில் சாலுக்கு என்ன வேலை? அப்பாரு ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்து, முப்பது வயதுக்குமேல் குழாய் பூட்டக் கற்றுக்கொண்டார்.

அந்த நாளைய கிணற்று வேலையை இப்போதுள்ள பையன்கள் நினைத்துப் பார்க்கமாட்டார்கள். தரையில் வைத்த பம்பு எவ்வளவு பெரிதானாலும் கிட்டத்தட்ட இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. காற்றழுத்தம் தூக்கித் தரும் உயரம் ஏட்டுக் கணக்கிலேயே முப்பத்துநான்கு அடிக்குள்தான். எங்கள் பக்கத்துக் கிணறுகளோ அறுபது, எழுபது அடி ஆழமுள்ளவை. ஆகவே கிணற்றுப் பாறையில் திட்டு வெட்டி, அதில் மோட்டாரை இறக்கி வைப்பார்கள். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரும் இன்னொரு திட்டுக்கு இறங்கும், மழை பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றிப் பூட்ட அப்பாரு வேண்டும். எங்கள் தொழில் வளர்ந்தது மோட்டாரால் அன்று, இந்த ஏற்ற இறக்கத்தால்தான் என்பது என் கணக்கு.

நகரத்து வேலை வேறு வகை. 1929இலேயே சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்துவிட்டது என்றாலும், 1984இல் புதிய அணை கட்டி முடிந்த பிறகுதான் வீட்டு இணைப்புகள் எங்களுக்கு முக்கிய வருமானம் ஆயின. சிறுவாணி 'நல்ல தண்ணி', ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 'உப்புத் தண்ணி' என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்குள்ளும் இரண்டு தொட்டி, இரண்டு லைன். இரண்டும் எங்கேயும் சேரக்கூடாது. ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் அவசரத்தில் 'டீ' என்னும் மூன்று வழி இணைப்பு ஒன்றை மாற்றிப் பூட்டி, அந்த வீட்டின் நல்ல தண்ணீர்த் தொட்டி முழுக்க உப்பாகிவிட்டது. காலைக் காபியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தொட்டியைக் கழுவி, ஒரு டேங்கர் நல்ல தண்ணீரும் எங்கள் செலவில் வாங்கி ஊற்றினோம்.

ஜி.ஐ. வேலையில் அப்பாவின் கை சுத்தமானது. குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. அப்பா நீலப் பட்டைக்குக் கீழே தொடவே மாட்டார். குழாயை வைஸில் இறுக்கி, மரை வெட்டும் டையை மாட்டி, எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று சுழற்றினால் இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழும். பிறகு மரையின் போக்கிலேயே சணலைச் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி, எல்போ என்னும் வளைவு இணைப்பை ஏற்றுவார். எதிர்ப்போக்கில் சுற்றினால் எல்போ ஏற ஏறச் சணல் பிரிந்து வெளியே வந்துவிடும். அந்த ஈயக் கையோடுதான் அப்பாருவும் அப்பாவும் எத்தனையோ நாள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பி.வி.சி. வந்தபோது அப்பா அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "பசை தேச்சு ஒட்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முரண்டு பிடித்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் வாடிக்கை வீடுகளில் பாதி கைமாறிப் போயிற்று. அவர் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். சால் வேலையை விட்டுவிட்டுக் குழாய்க்கு மாறியவரின் மகன் இரும்பைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஓடும் ஊரில் துருப்பிடிக்காத குழாயை வேண்டாம் என்பதற்கு ஆணியில் தொங்கும் அந்தத் துண்டே மறுப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சந்தேகம் நியாயமானது. கீசர் லைனுக்கும் சிலர் பி.வி.சி.யையே போட்டார்கள்; அறுபது டிகிரிக்கு மேல் அது தாங்காது, வெந்த முருங்கைக்காய் போல் தொய்ந்துவிடும். தொண்ணூறு டிகிரி வரை தாங்கும் சி.பி.வி.சி. கடைகளுக்கு வந்த பிறகுதான் அப்பா பசை டப்பாவைக் கையில் எடுத்தார்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துக் கடைக்கு வந்தது அந்தச் சமயம். கல்யாண வீடு ஒன்றில், மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறைக்கு லைன் போடும் வேலை என் பொறுப்பு. பசை காயாமல் தண்ணீர் விடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், வீட்டுக்கார அம்மா "சித்த தொறந்து உடு கண்ணு" என்று மூன்று முறை கேட்டுவிட்டார், நானும் கேட் வால்வைத் திறந்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு எல்போ கழன்றது. கீழறையில் சீருக்கு அடுக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளில் நான்கு நனைந்துவிட்டன. அப்பா வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் துணியுமாக விடியும்வரை தரையைத் துடைத்தார், என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான்கு மூட்டை அரிசி எங்கள் செலவில் போயிற்று. அடுத்த வாரம் கடைக்கு ஒரு கைப் பம்பும் அழுத்தமானியும் வாங்கினேன். அன்று முதல் லைனில் அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் முள் இறங்கவில்லை என்றால்தான் சுவரைப் பூச விடுகிறோம்.

அதன்பின் நடந்ததில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்குமாடி வேலைகளுக்குப் போனோம், ஒரு கட்டுமான நிறுவனம் கடைசித் தவணையைத் தராமலே இழுத்தடித்தது, மீண்டும் தனி வீடுகளுக்கே திரும்பினோம். இன்று ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கடையில் என்னைப் பார்த்துவிட்டு "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

போன மாதம் கோவை ராமநாதபுரத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்முன் லைனைக் கழற்றப் போயிருந்தோம். அது அப்பாரு போட்ட நல்ல தண்ணீர் லைன். யூனியன் என்னும் கழற்றிப் பூட்டும் இணைப்புக்குப் பக்கத்திலிருந்த ஒரு துண்டைக் கழற்றியபோது, மரைக்குள் சணல் நிறம்கூட அதிகம் மாறாமல் இருந்தது. அதைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சணலை உரித்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் மரையை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார்.

"எட்டு. எங்கய்யன் முழுசா வெட்டிருக்கறாரு" என்றார். பிறகு துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, "ரோட்டு வால்வ மூடீட்டுத்தான வந்தீங்க அம்மிணி?" என்று கேட்டார்.