கரம்பைக்கு ஓர் அனுமதிச் சீட்டு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடையில்தான் கண்மாய்க்குள் படிகிற கரம்பை மண்ணை அடையாளம் காணக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் ஒரு கண்மாயின் நீர்க்கட்டி, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர். வற்றிப்போன கண்மாய்க்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், நடு உள்வாயில் ஒரு கட்டியைப் பெயர்த்தெடுத்தார். செம்பிலிருந்த தண்ணீரைச் சொட்டுவிட்டுப் பிசைந்தார். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி மெல்லத் தள்ளினார். அது ஒடியாமல் நீண்டுகொண்டே போனது. அப்புறம் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"உப்புக் கரிக்கலை தம்பி. இது செம்மண்ணுக்குத் தங்கம்" என்றார்.

நான் 1989-ல் உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்தேன். வைகைக்குத் தெற்கே, மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும் கலந்த ஒன்றியங்களில்தான் வேலை பார்த்த வருஷங்களில் பெரும்பகுதி கழிந்தது. விதை, உரம், பூச்சி மருந்து, பயிர்க் காப்பீடு என்று எத்தனையோ திட்டங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் 2021-ல் ஓய்வு பெற்ற பிறகும் மனசை விட்டுப் போகாதது இந்தக் கரம்பை விவகாரம்தான். அரசாங்கக் கோப்புகளில் அதற்கு வண்டல் மண் என்று பெயர்.

எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் மண் அடிக்கிற வேலை தொடங்கிவிடும். முன்பு மாட்டு வண்டி, பிறகு டிராக்டர். வயலில் அங்கங்கே குவியலாகக் கொட்டி வைப்பார்கள். முதல் மழை விழுந்து கட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்ததும் பரப்பி உழுவார்கள். அதோடு ஒரு ஆட்டுக்கிடையும் போட முடிந்தால் அந்த வருஷம் அடியுரத்தைப் பற்றிக் கவலைப்படாத ஆட்கள் உண்டு. செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, மழை பெய்து நான்கு நாளில் காய்ந்துவிடும். கரம்பையில் களி அதிகம், மக்கிய இலை தழையும் சாணமும் கலந்திருக்கும். அதை அடித்த கொல்லையில் நிலக்கடலை வாடுவதற்குச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். மழை தப்பிக்கொண்டே இருக்கிற பூமியில் அந்தச் சில நாளுக்கு என்ன மதிப்பு என்பது விவசாயிக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கண்மாயில் படிகிற மண் வேறெங்கிருந்தும் வருவதில்லை. மேட்டுக்காட்டு வயல்களின் மேல்மண்தான் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வரத்துக்கால் வழியாக வந்து சேர்கிறது. ஆக, வண்டி கட்டிப் போய் விவசாயி எடுத்து வருவது தன் வயலிலிருந்து போன மண்ணை. கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். தூர்வாருதல் என்று தனியாக ஒரு திட்டம் வேண்டியிருக்காத காலம் அது.

இதற்கு அனுமதி வேண்டும் என்பதே எனக்கு 90-களின் நடுவில்தான் உறைத்தது. ஒரு நாள் காலையில் மூன்று டிராக்டர்களைச் சாலையில் நிறுத்திவிட்டார்கள் என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், டிரெய்லர்களில் கரம்பை. ஓட்டி வந்தவர்களில் ஒருவர், என்னைவிட இருபது வயது பெரியவர், கேட்டார்: "கரம்பை எப்பருந்து தம்பி கனிமமாச்சு?"

பதில் என்னிடம் இல்லை. உரிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கனிமங்களுக்கான மத்தியச் சட்டம் 1957-ல் வந்தது. சாதாரணக் களிமண்ணும் சாதாரண மணலும் அதில் சிறு கனிமங்கள். சிறு கனிமத்துக்கு விதி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ல் வந்தவை. கண்மாய் அரசுப் புறம்போக்கு, அதிலிருந்து ஒரு சட்டி மண் எடுத்தாலும் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. "விட்டால் கரம்பை என்று சொல்லி மணலை அள்ளிக்கொண்டு போவான் சார்" என்றார். அது பொய்யான பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பின்னாளில் சவுடு மண் என்ற பெயரில் மணல் போன கதைகள் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் போய் வழக்குகளாக நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

எனக்குக் குழப்பமாக இருந்தது அதுவல்ல. எங்கள் துறைப் பயிற்சிகளில் கரம்பை ஒரு நில மேம்பாட்டு இடுபொருள். கொட்டுங்கள் என்று நானே ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறேன். அதே மண் சாலைக்கு வந்ததும் கனிமமாகிவிடுகிறது. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு சாதாரண மண்ணையும் சிறு கனிமமாக அறிவித்தபோது, கரை, சாலை, ரயில் பாதை, கட்டட வேலைகளில் நிரப்பவும் சமன்படுத்தவும் பயன்படும் மண் என்று அறிவிப்பிலேயே எழுதினார்கள். மண் எங்கே போகிறது என்பதை வைத்து அதற்குப் பெயர் வைக்கலாம் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது என்று அதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். வயலுக்குப் போகும் மண்ணுக்கும் அப்படி ஒரு வழி பிறக்க இன்னும் பல வருஷம் ஆனது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்தக் கோடையில் எங்கள் ஒன்றியத்தில் தண்ணீர் கிடந்த கண்மாய் ஒன்றுகூட இல்லை. குடிமராமத்து என்ற பழைய பெயரில் தூர்வாரும் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதையொட்டி, விவசாயிகள் ஏரி, கண்மாய், குளங்களிலிருந்து வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலாளருக்கு 60. டிராக்டர் கணக்கில் நஞ்சைக்கு 25 லோடு.

இந்த அளவு போதாது என்று சிலர் கோபப்பட்டார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், ஒரு விரல் கனம். ஒரே கோடையில் அதற்குமேல் போட வேண்டியதும் இல்லை, சிறு விவசாயியால் அதற்குமேல் போடவும் முடியாது. மண் இலவசம் என்றாலும் பொக்லைன் வாடகையும் டிராக்டர் வாடகையும் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போக வேண்டும். அளவை நிர்ணயித்தவர்கள் யோசித்துத்தான் நிர்ணயித்தார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சிக்கல் காலண்டரில் இருந்தது. எந்தெந்த நீர்நிலையில் மண் எடுக்கலாம் என்று முதலில் மாவட்ட அரசிதழில் வெளியிட வேண்டும். பிறகு சிட்டா, அடங்கல் வைத்து விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மேலே ஒவ்வொரு மேஜையாக ஏறி மாவட்ட அளவில் அனுமதி. அன்றைக்கு என் பொறுப்பில் இருந்த ஓர் ஊரில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒருவருக்குப் பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. இன்னொருவர் குத்தகைக்காரர், அவர் பெயரில் எந்தத் தாளும் கிடையாது. கரம்பை அதிகம் தேவைப்பட்ட ஆள் அவர்தான். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்மாய்க்குத் தாள் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் மழை பிடித்தது. சில நாளிலேயே வரத்துக்காலில் கலங்கல் தண்ணீர் ஓடி வந்து உள்வாயில் தேங்கியது. அனுமதிச் சீட்டுகளில் பாதிக்குமேல் வந்து சேர்ந்தபோது, அள்ள வேண்டிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர். அந்தச் சீட்டுகளை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த வேலையும் என்னுடையது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு அம்மா சீட்டை வாங்கி, படித்துப் பார்த்து, நாலாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். "அடுத்த வருஷத்துக்கு ஆகுமா சார்?" என்று கேட்டார்கள். ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதே கோடையில் இன்னொரு கண்மாயில் வேறொன்று நடந்தது. விண்ணப்பங்கள் விவசாயிகள் பெயரில். அள்ளியது டிப்பர் லாரிகள். மண் போனது சூளைக்கும் வீட்டுமனைக்கும். பெரிய வண்டி உள்ளே இறங்கித் திரும்ப வசதியாக ஒரே மூலையில் குடைந்துகொண்டே போய்விட்டார்கள். கண்மாயில் வண்டல் ஒரு தகடு மாதிரிதான் படிந்திருக்கும். அந்தத் தகட்டைத் தாண்டித் தோண்டினால் கீழே இருக்கும் மணல் படுகை திறந்துகொள்ளும், தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்காமல் நின்றாலும், மடை மட்டத்துக்குக் கீழே இருக்கிற பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கு வராது. பள்ளத்தின் ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. மழைக்குப் பிறகு அதில் ஒரு பசு வழுக்கி விழுந்து செத்தது. பசுவோடு போனதே என்று ஊரார் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் குளிக்கிற இடம் அதற்கு ஐம்பது அடியில் இருந்தது.

இருபத்தைந்து லோடுக்குத் தாள் கேட்டுக் காத்திருந்தவருக்குக் கிடைக்கவில்லை, தாளைப் பற்றிக் கவலைப்படாதவர் அள்ளிக்கொண்டு போனார். எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடு கண்மாய்க் கரையில், எந்த மூலையில் எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் தெரிந்த கண்ணின் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கண்மாய்க்கு எத்தனை எஜமானர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மண் கனிமத் துறைக்கு. மீன்பாசிக் குத்தகை ஒருவருக்கு. உள்வாயில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலைத் தனியாக ஏலம் விட வேண்டும். மண் எடுக்க அனுமதி கிடைத்தாலும் மரம் ஏலம் போகாததால் வண்டி உள்ளே இறங்க முடியாமல் நின்ற கோடையையும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்கு. ஒவ்வொன்றிலும் இந்தக் கதை ஏதோ ஓர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தெலங்கானாவில் 2015-ல் காகதீய மிஷன் என்று தொடங்கி 46,000-க்கும் மேற்பட்ட ஏரிகளை எடுத்துக்கொண்டபோது, வண்டலை வயலுக்கு ஏற்றுவதையும் திட்டத்தின் உள்ளேயே வைத்தார்கள். இயந்திரம் அள்ளிக் கொடுக்கும், விவசாயி வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வார். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. ஒரு வருஷம், பட்டதாரிப் பையன் ஒருவன், அப்பாவின் நிலத்தை ஆசையாகக் கையில் எடுத்தவன், கரம்பை அடிக்கட்டுமா சார் என்று கேட்டான். தாராளமாக அடி என்றேன். மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துச் சொல்ல அரசு மண் பரிசோதனை நிலையத்தில் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. அந்தக் கண்மாயின் மேல்பக்கம் உப்பும் காரமும் ஏறிய களர் நிலம். அங்கிருந்து கழுவி வந்த மண், நாற்பது லோடு, அவன் செம்மண் கொல்லையில் பரந்தது. கடலை முளைத்து மூன்றாவது வாரத்தில் வெளுத்துப்போய் நின்றது. வரப்பில் நின்று அதைப் பார்த்தபோதுதான் நாக்கில் வைத்துப் பார்த்த நீர்க்கட்டி ஞாபகத்துக்கு வந்தார். பையன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருஷம் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது அந்த நிலத்தை மீட்டெடுத்தான். நானும் கூடப் போனேன். ஆனால் வாங்கிய கடனுக்கு அந்த இரண்டு வருஷ வட்டியைக் கட்டியது அவன்.

2024-ல், நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை வட்டாட்சியர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. செய்தியைப் படித்த அன்று, வேலை பார்த்த காலத்தில் இது வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. நல்ல முடிவு, மனசாரச் சொல்கிறேன். இன்னும் இரண்டு காரியம் சேர்ந்துவிட்டால் போதும் என்பது என் ஆசை. மாசி முடிவதற்குள் கண்மாய்ப் பட்டியல் வந்துவிட வேண்டும். பட்டியலில் ஏறும் ஒவ்வொரு கண்மாயின் மண்ணையும் அதற்கு முன்பே பரிசோதித்து, வயலுக்கு ஆகும், ஆகாது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். குத்தகைக்காரருக்கு என்ன வழி என்று எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவரை வெளியே நிறுத்திவிட்டு வண்டல் திட்டம் முழுமையானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

போன வைகாசியில் அந்தப் பையன் கூப்பிட்டான். பையன் என்ன, இப்போது முன்தலை வெளுத்துவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டது சார், வேறு கண்மாய், பரிசோதனையும் முடிந்துவிட்டது, ஆனாலும் நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றான். போனேன். சீட்டை போனில் காட்டினான். பொக்லைன் கரையோரம் நின்றுகொண்டிருந்தது. உள்வாய்க்கு நடந்துபோய் ஒரு கட்டியை எடுத்துப் பிசைந்தேன். நாடா நீளமாக வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"கரிக்கலை" என்றேன். "கரைப் பக்கம் போக வேண்டாம், மடைக்கு நேரேயும் வேண்டாம். இந்த இடத்தில் அகலமாக, முழங்கால் ஆழத்துக்கு மட்டும் வழிக்கச் சொல்."

அவன் டிரைவரிடம் சொல்லப் போனான்.