ஆற்றோரப் பூங்கா: நாட்குறிப்பு

ஜூன் 7

குடியிருப்புகள் முடிந்து சாலை சரியத் தொடங்கும் இடத்தில் பூங்கா வாசல். முன்னால் விளையாட்டு மைதானங்கள், பிறகு மரங்கள், அதற்கப்பால் ஆறு. இவ்வளவு சமமான நிலத்தில் ஏன் யாரும் வீடு கட்டவில்லை என்று அண்ணன் மகள் கேட்டாள். “இது ஆற்றுக்குச் சொந்தமான இடம், கண்ணு” என்றேன். ஆறு பெருகும்போது கரை மீறிப் பரவி, வேகம் தணிந்து, வண்டலைப் படியவிட்டுத் திரும்பும் வெள்ளச் சமவெளி இது. நிலத்தைச் சமமாக்கியதே அந்த வண்டல்தான். வீடு மூழ்கினால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். மைதானம் மூழ்கினால் ஆட்டம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஜூன் 8

கரையோர ஒற்றையடிப்பாதையிலேயே நடந்தோம். ஆறு திரும்பும் இடத்தில் வெளிவளைவை நீர் மோதி அறுக்கிறது. உள்வளைவில் மணலைச் சேர்க்கிறது. எதிர்க்கரை அதனால் சுவர்போல் செங்குத்தாக நிற்கிறது. அதன் நடுவே ஒரு சிறு வட்டத் துளை. கீழ் விளிம்பிலிருந்து வெள்ளை எச்சம் கோடாக வழிந்திருந்தது. சற்று நேரத்தில் மீன்கொத்தி ஒன்று அலகில் மீனோடு வந்து வேகம் குறையாமல் உள்ளே புகுந்தது. மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டியிருந்தது. குஞ்சுக்கு ஊட்டும் மீனை அது அப்படித்தான் பிடிக்கும். தலை முதலில் இறங்கினால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தாது. கரை அரிப்பு என்றாலே சேதம் என்கிறார்கள். இந்தச் சுவர் இல்லாவிட்டால் இந்தப் பறவைக்குக் கூடு ஏது?

ஜூன் 15

விடாத மழை. மைதானங்களை மூடிவிட்டார்கள். “அரை மணி நேரம் மட்டும், அண்ணா” என்று பையன்கள் கெஞ்சியும் பராமரிப்பாளர் அசையவில்லை. நான் அவர் பக்கம். ஈர வண்டலில் இரண்டு அணிகள் ஓடினால் மண் இறுகி, காற்றும் நீரும் இறங்கும் வழி அடைபடும். புல்வேர் மூச்சுத் திணறும். பிறகு சிறு தூறலுக்கும் நீர் தேங்கும்.

ஜூன் 23

ஆறு ஏறிவிட்டது. கீழ் மைதானத்தில் 2.44 மீட்டர் உயரக் கோல் கம்பங்கள் பாதிவரை பழுப்பு நீரில் நிற்கின்றன. மேட்டுச் சாலையில் நின்றுதான் பார்க்க முடிந்தது.

ஸ்பெயினின் வலென்சியா நினைவுக்கு வந்தது. 1957இல் தூரியா ஆற்று வெள்ளம் அந்நகரைச் சூறையாடியபின் ஆற்றை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்ட பழைய படுகையில் விரைவுச்சாலை போடும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நின்றார்கள். இன்று அங்கே நடைபாதைகளும் விளையாட்டுத் திடல்களும் கொண்ட நெடும்பூங்கா. மகத்தான வெற்றி அது. ஆனாலும் ஆறு விலகிய பிறகு கிடைத்த பூங்காவைவிட, ஆறு வந்துபோக இடம்விடும் பூங்காவே என் மனதுக்கு நெருக்கம்.

ஜூலை 5

நீர் வடிந்துவிட்டது. புல்லின்மேல் படிந்த வண்டல் காய்ந்து வெடித்திருக்கிறது. புல் மடிவதற்குள் மண்வெட்டியால் வழித்தெடுக்கிறார்கள். துளை இருந்த கரைச்சுவர் சரிந்துவிட்டது. குஞ்சுகள் அதற்குமுன் பறந்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பார்வை மேடைக்காக மரங்களை வெட்டிய இடத்தில் கரை உடைந்து நடைபாதை அந்தரத்தில் தொங்குகிறது. மரங்களையும் நாணலையும் விட்டுவைத்த இடத்தில் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருக்கின்றன. மைதானத்துப் புல்லுக்குப் போடும் உரம் மழையோடு ஆற்றில் கலந்து பாசி மண்டாமல் வடிகட்டுவதும் கரையோரத்து இந்த மர, நாணல் வரிசைதான். இதை அழித்து இன்னொரு மைதானம் அமைக்க, கரைக்குக் கான்கிரீட் பூசப் பேச்சு நடக்கிறதாம். கூடாது என்று கடிதம் எழுதினேன். பையன்களிடம் கையெழுத்துக் கேட்டபோது, “எங்களுக்கும் ஆட இடம் வேண்டுமே, அக்கா” என்றார்கள். நியாயம்தான். சாலையோர மேட்டுநிலத்தை மைதானமாக்கித் தர வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேர்த்தோம்; அனைவரும் கையெழுத்திட்டார்கள்.