பால்மரத்து ஊரில் சோயாப் பால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வயதானவர்களிடம் "பால்" என்றால் மாட்டுக்கு முன்னால் ரப்பர் மரம்தான் நினைவுக்கு வரும். விடியுமுன் வெட்டி, மங்கு என்ற கிண்ணத்தில் வடித்து, வாளியில் சுமந்து தோட்டத்து ஸ்டோரில் எடை போட்ட பால். ஊர் ஈப்போவுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத்துக்குள். இன்னும் வடக்கே போனால் கோலாகங்சார். 1877-ல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. தாவரப் பாலைச் செய்து காட்டுவதற்காக இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறவர்கள், முதலில் இப்படி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு வாரம் தங்கிக் கைபழக வேண்டும் என்பது எங்கள் கருத்து. பால் ஏன் திரிகிறது என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மங்கில் கிடக்கும் பால் நேரமானால் புளித்துத் தானாகக் கட்டியாகும். அப்படி ஆகாமல் இருக்க அமோனியா விடுவார்கள். ரப்பர் ஷீட்டு போட வேண்டுமானால் ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். அமோனியா போன்ற காரம் சேர்ந்தால் பால் நீராக நிற்கும், புளிப்பு சேர்ந்தால் உறையும். சோயாப் பாலுக்கும் இதே கணக்குதான். காப்பியில் ஊற்றியதும் திரிவது காப்பியின் புளிப்பாலும் சூட்டாலும். பால் கெட்டுப்போனதால் அல்ல. திரியாமல் இருக்க, ஒரு லிட்டருக்கு இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா போதும். கூடினால் சவுக்கார வாடை வரும். பாலைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, காப்பியை அதில் மெல்ல ஊற்றுங்கள். குளிர்ந்த பாலைக் கொதிக்கும் காப்பியில் கொட்டினால் கண்முன்னே திரியும்.

இஞ்சி டீ இன்னொரு பொறி. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, தண்ணீரிலேயே 5 நிமிடம் கொதித்த பிறகுதான் பாலைச் சேர்க்க வேண்டும்.

இனி செய்முறை. 250 கிராம் சோயாவுக்கு மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். இந்த ஊர் வெக்கையில் 6 மணி நேர ஊறல் போதும். இரவு முழுக்க விட்டால் நுரைத்துப் புளிவாடை அடிக்கும். தோலைக் கசக்கிக் களையுங்கள். அரைக்கும்போது கொதிநீர் ஊற்றுவது முக்கியம். பலரும் முகம் சுளிக்கும் அந்தப் பச்சை வாடை பயற்றில் முன்பே இருப்பதல்ல. பயறு நசுங்கும்போது அதிலுள்ள நொதி கொழுப்போடு சேர்ந்து உண்டாக்குவது. கொதிநீர் அந்த நொதியை அப்போதே முடக்கிவிடும். பிளாஸ்டிக் ஜாடி விரிசல் விடும், எஃகு ஜாடிதான் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளிவிடும்.

துணியில் பிழிந்த பாலை, அதைப்போல இரு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். கொதி வருமுன்பே நுரை பொங்கி ஏறும். அதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நுரை அடங்கிய பிறகு 10 நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். இல்லாவிட்டால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அழியாமல் வயிற்றைப் படுத்தும். இரவுச் சந்தையில் விற்கும் சோயாப் பாலின் மணம் வேண்டுமானால் இரண்டு பாண்டான் இலையை முடிந்து போடுங்கள். சக்கையை வீசாதீர்கள், வடைக்கு ஆகும்.

தயிருக்கு எங்கள் தேர்வு நிலக்கடலை. 150 கிராம் கடலையை ஊறவைத்துத் தோலெடுத்து, 600 மில்லி தண்ணீரில் அரைத்து வடிகட்டி, கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள், விட்டால் அடிபிடிக்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்பு பத்தைப் போட்டு மூடுங்கள். முதல் ஈடு கசப்பும் காரமுமாக இருக்கும். அதை உறையாக வைத்து இரண்டாவது போட்டால்தான் ஊருக்குப் பரிமாறலாம். தேங்காய்ப் பால் இப்படி உறையாது. புரதம் குறைவு, நீர் பிரிந்து நிற்கும். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை விடும் நஞ்சு கொதியில் போகாது. பரிமாறுமுன் கடலை, சோயா ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். வீட்டில் செய்த பாலில் பசும்பாலின் கால்சியமும் பி12-ம் கிடையாது. கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்கச் சொல்லவே கூடாது.

இந்தியாவில் பேச்சும் மாற வேண்டும். இங்கே "தே ஓ" என்றால் பாலில்லாத தேநீர் வந்துவிடும். அங்கே கேரளத்தில் "கட்டன் சாயா", இந்தி பேசும் ஊர்களில் "பினா தூத் கீ சாய்". பால் வேண்டாம் என்றால் நெய்யும் மோரும் வேண்டாம் என்று அர்த்தமாகாது; ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இட்லியில் பயமில்லை. ரசத்தை நெய்யில் தாளிப்பதுண்டு. பொங்கலில் நெய், நானில் பெரும்பாலும் தயிரோ பாலோ இருக்கும். குஜராத்தின் ஆனந்தில் 1946 முதல் கூட்டுறவுப் பால்தான் குடியானவரின் கைக்காசு. அங்கே நின்று மாட்டுப் பாலைப் பழிப்பது அறியாமை. சுவைக்கக் கொடுங்கள், அது போதும். கோயில் அபிஷேகப் பாலைப் பற்றியும் வாய் திறக்க வேண்டாம்.

விற்பதானால் பெயரில் கவனம் வேண்டும். தாவரப் பானங்களை "பால்" என்ற பெயரில் விற்பதை நீக்கும்படி 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. சீட்டில் "சோயா பானம்" என்று எழுதுங்கள்.

நம் மிக்ஸி அங்கே ஓடும், மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம் தட்டை முள் பிளக் அங்குள்ள வட்டத் துளையில் நுழையாது. மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் அடாப்டர் வாங்குங்கள். கைப்பேசிக்கான மெல்லிய அடாப்டர் உருகும். ரயில் பெட்டியில் உள்ள பிளக் சார்ஜ் ஏற்ற மட்டுமே. ஜனவரியில் டெல்லிக்குப் போனால் இங்கே எட்டு மணி நேரத்தில் உறையும் தயிர் அங்கே மறுநாளும் நீராகவே இருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் போத்தலை அணைத்து வையுங்கள்.