குங்குமப்பூ இல்லாத குங்குமப்பூ ஊர்

ரயிலை விட்டு இறங்கியதுமே திகைத்துப் போனேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி, கேம்பிரிட்ஜ் வண்டியில் சுமார் ஒரு மணி நேரம் வந்து ஆட்லி எண்ட் ஸ்டேஷனில் நின்றால், ஊரையே காணோம். வயலும் நாலைந்து வீடும்தான். நான் தேடி வந்த சாஃப்ரன் வால்டன் (சாஃப்ரன் என்றால் குங்குமப்பூ) இன்னும் இரண்டு மைல் தள்ளி இருக்கிறதாம். ஊருக்குள்ளேயே வந்து போன கிளை ரயில் ஒன்று 1865இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, 1964இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். அன்று சனிக்கிழமை, சந்தை நாள். மத்தியானத்துக்கு மேல் போனால் கடையைக் கட்டிவிடுவார்களே என்ற பதற்றத்தில் நடக்கத் தொடங்கினேன்.

வழி ஆட்லி எண்ட் மாளிகையின் மதிலை ஒட்டிப் போகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஹோவார்ட் என்ற பிரபு கட்டியது. அவர்தான் நாட்டின் கஜானாவையும் கவனித்தவர். வீட்டைப் பார்த்த முதலாம் ஜேம்ஸ் மன்னர், ‘இது ராஜாவுக்கே பெரிது, கஜானா மந்திரிக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும்’ என்றாராம். மன்னர் சிரித்துக்கொண்டு சொன்னாரோ, கடுப்பில் சொன்னாரோ! 1619இல் பணத்தைக் கையாடிய வழக்கில் பிரபு டவர் ஆஃப் லண்டனில் கம்பி எண்ணினார்.

ஊருக்குள் நுழைந்து சந்தைச் சதுக்கத்துக்கு வந்தபோது பதினொன்றரை. அக்டோபர் கடைசி என்பதால் எங்கே பார்த்தாலும் பரங்கிக்காய். கோடு போட்ட துணிக்கூரைகளுக்குக் கீழே ஐஸ் மேல் மீன், வட்ட வட்டமாகச் சீஸ், மண் ஒட்டிய கேரட். ஆப்பிள்காரரிடம் மட்டும் ஏழெட்டு ரகம். பச்சையாகப் பெரிதாக ஒன்றை எடுத்து முகர்ந்தேன். “அது பிராம்லி, சமைக்கத்தான் ஆகும், லவ். பச்சையாகக் கடித்தால் பல் கூசும்” என்று என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, துருப்பிடித்த மாதிரி தோல் சொரசொரத்த ஒன்றை நீட்டினார். அழகில்லாத பழம், ஆனால் அப்படி ஒரு வாசனை! அரைக் கிலோ வாங்கினேன்.

இந்தச் சந்தையின் வயது கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் கூடியதை 1141இல் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு, பேரரசி மட்டில்டாவின் அனுமதியோடு தன் கோட்டை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊருக்கு அந்தக் காலத்துப் பெயர் சிப்பிங் வால்டன். சிப்பிங் என்றால் சந்தை, நம்மூர்ப் பெயர்களில் வரும் ‘பேட்டை’ மாதிரி. இன்றும் செவ்வாயும் சனியும் கூடுகிறது. சதுக்கத்தை ஒட்டி ‘புட்சர் ரோ’ என்று ஒரு சந்து. கசாப்புக்காரர்கள் தட்டி போட்டு உட்கார்ந்த இடம், காலப்போக்கில் நிரந்தரக் கடைகளாகிவிட்டது. கோட்டையோ இடிந்த சக்கிமுக்கிக்கல் குவியலாக நிற்கிறது.

சிப்பிங் போய்ச் சாஃப்ரன் வந்ததற்குக் காரணம் பயிர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சுண்ணாம்பு கலந்த, தண்ணீர் தேங்காத நிலங்களில் குங்குமப்பூ விளைந்தது. புனித யாத்திரை போன ஒருவர் கைத்தடியைக் குடைந்து, அதற்குள் ஒரே ஒரு கிழங்கை ஒளித்துக் கொண்டுவந்தார் என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, வேலை கடுமையானது. ஊதா நிறப் பூக்களை விடியற்காலையிலேயே பறிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றே சிவப்பு இழை. அவற்றைக் கிள்ளி எடுத்து, காகிதங்களுக்கு நடுவே பரப்பி, மேலே பாரம் வைத்து, சிறு சூளையில் அடையாக உலர்த்துவார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும். சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் அது போனது.

1556இல் விளைச்சல் தாறுமாறாகக் கொட்டி, விலை விழுந்துவிடுமே என்ற எரிச்சலில், ‘கடவுள் இப்போது குங்குமப்பூவாகவே கழிகிறார்’ என்று விவசாயிகள் சிலர் புலம்பினார்களாம். பக்கத்துக் கிராமத்துப் பாதிரியார் ஒருவர் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். விளைந்தால் விலை இல்லை, விலை இருந்தால் விளைச்சல் இல்லை. இந்தப் புலம்பலை நான் தஞ்சாவூரிலும் கேட்டிருக்கிறேன், வேறு வார்த்தைகளில்.

பிறகு வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது, சமையல் ருசியும் மாறியது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வயல்கள் பார்லிக்கு மாறிவிட்டன. பார்லியை முளைகட்டிப் பீருக்கு மால்ட் ஆக்கும் தொழிலில் கிப்சன் குடும்பம் கொழித்து, பிறகு வங்கியும் நடத்தியது. சதுக்கத்தில் கம்பீரமாக நிற்கும் வங்கிக் கட்டடம் அவர்கள் கட்டியதுதான்.

மசாலா விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் உள்ளூர்க் குங்குமப்பூ உண்டா என்று கேட்டேன். “அதுக்கு நீங்க நானூறு வருஷம் முன்னாடி வந்திருக்கணும்” என்று சிரித்தார். அவரிடம் இருந்த டப்பியில் ஸ்பெயின் என்று அச்சிட்டிருந்தது.

பூ மிச்சம் இருப்பது கல்லில்தான். செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் தெற்கு வளைவில் குங்குமப்பூவைச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து தேடினால்தான் தெரியும். எசெக்ஸ் மாவட்டத்திலேயே மிகப் பெரிய பங்குக் கோயில் இது. 1647இல், உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படை சம்பள பாக்கி கேட்டு முரண்டு பிடிக்க, அதனோடு தளபதி கிராம்வெல் முதலானோர் பேச்சுவார்த்தை நடத்தியது இங்கேதான். வெளியே வந்தால் சர்ச் ஸ்ட்ரீட்டில் ‘சன் இன்’ என்ற பழைய விடுதி. அதன் சுவர் முழுக்கச் சுதை வேலைப்பாடு, 1676 என்று வருடமும் போட்டிருக்கிறது. வாசலுக்கு மேலே இரண்டு பேர் ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவன் டாம் ஹிக்கத்ரிஃப்ட் என்ற நாட்டுப்புற வீரன், இன்னொருவன் விஸ்பெக் ஊர்ப் பூதம். வண்டிச் சக்கரத்தைக் கேடயமாகவும் அச்சைக் கதாயுதமாகவும் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனவனாம் டாம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சுவர்தான்.

கடைசியாகப் புல்வெளிச் சுழல்பாதைக்குப் போனேன். ‘காமன்’ எனப்படும் பொது மைதானத்தின் ஓரத்தில், புல்தரையில் வெட்டிய 17 வளையங்கள். இங்கிலாந்தில் இந்த வகையில் மிகப் பெரியது. 1699இலேயே இதைச் சீர்செய்ததற்குக் கணக்கு இருக்கிறது. மைதானத்தில் ஏறி நின்றால் ஒரு கோலம் போல இருக்கிறது, அவ்வளவுதான். நடக்கத் தொடங்கினால்தான் விஷயம் புரிகிறது. பாதை ஏறத்தாழ ஒரு மைல். வழி தவற இடமே இல்லை, ஒரே பாதைதான். ஆனால் நடுமேட்டை நெருங்கும்போதெல்லாம் திருப்பி வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் காலத்தில் நடுவே ஒரு பெண்ணை நிறுத்தி, இளவட்டங்கள் பீர் பந்தயம் கட்டி ஓடுவார்களாம்.

பத்தாவது வளையத்தில் எனக்குத் தலை சுற்றியது. நாலு வயசு இருக்கும் ஒரு பையன், கோடுகளைச் சட்டையே செய்யாமல் குறுக்கே ஓடி நடுமேட்டில் ஏறிக் கத்தினான். அவன் அம்மா என்னிடம் மன்னிப்பு கேட்டார். நான் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு பதினொன்றாவது வளையத்துக்குத் திரும்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.