கிளையைத் திருப்பி ஒரு படம் எடுங்கள்

நண்பர்களே, ஒரு வேண்டுகோள்.

இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளம் 2008 முதல் இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் செடியின் படத்தை இடம், தேதியோடு ஏற்றலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் எல்லோருக்கும் பயன்படும். நாடு முழுக்கச் சேர்ந்து கட்டும் இப்படியொரு தாவரப் பதிவேடு நமக்குக் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

ஆனால் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. கருவேல மரத்தையே பாருங்கள். அதன் அறிவியல் பெயர் அக்கேசியா நிலோட்டிகா என்றுதான் படித்தோம். 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாட்டில் அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே என உறுதியானது. நம் கருவேலம் வாச்செலியா நிலோட்டிகா ஆனது. அதற்காகப் பழைய பெயரை அழித்துவிட முடியாது. இணைப்பெயராக வைத்து, எதைத் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வரும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மரம் இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது கீழாநெல்லி. மேலிருந்து எடுத்த படங்களே அதிகம் வருகின்றன. பூவும் காயும் இலைக்கு அடியில் அல்லவா இருக்கின்றன! கீழாநெல்லியான பில்லாந்தஸ் அமாரஸ் பூவில் 5 இதழ்கள், அதைப் போலவே இருக்கும் பில்லாந்தஸ் ஃபிரடெர்னஸ் என்ற வேறு செடியில் 6. மருந்துக்குப் பறிக்கும் செடி, மாறினால் வம்பு.

கிளையைத் திருப்பிப் பிடித்து, பூ தெளிவாகத் தெரிய, கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். உங்கள் ஊரில் அந்தச் செடியை எப்படிச் சொல்வார்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். எப்படி ஏற்றுவது என்று தெரியாவிட்டால் கமெண்ட்டில் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.