யு-505 மாடல்: ஒட்டிய சுக்கானை உடைத்துத் திருப்பிய கதை

ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து செய்துவரும், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-505-இன் மாடல் இப்போதுதான் நீர்மூழ்கி என்று சொல்லும்படி ஆகியிருக்கிறது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன். அடுத்து யாராவது முயன்றால் உதவும்.

இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது இன்னும் முழுசாக இருக்கிறது. 1954 முதல் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, உள்ளும் வெளியும் படங்கள் ஏராளம். ஹாம்பர்க்கில் கட்டி 1941 ஆகஸ்டில் சேவைக்கு வந்த, ஒன்பது-சி வகை நீர்மூழ்கி. நீளம் 76.76 மீட்டர், அகலம் 6.76 மீட்டர். நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் மீட்டரெல்லாம் அப்படியே சென்டிமீட்டர். கணக்குப் போடும் வேலையே இல்லை.

ரெடிமேட் கிட் வாங்காததற்கும் காரணம் உண்டு. இந்த வகைக்கு இரட்டை உடல். ஆழத்தில் நீரழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் 4.4 மீட்டர் விட்டமுள்ள உருளைதான். நாம் வெளியே பார்க்கும் வடிவம் அதன்மேல் போர்த்திய தோல். இரண்டுக்கும் நடுவில்தான் மூழ்குவதற்கான நீர்த்தொட்டிகளும் டீசலும். மேலே மிதந்தபடி 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போனால் 13,450 கடல் மைல் போகும் அளவுக்கு டீசல்! ஒரு பக்கத் தோலைத் திறந்துவைத்து இதைக் காட்ட வேண்டும் என்று ஆசை.

பிளம்பிங் கடையில் 40 மி.மீ. பி.வி.சி. பைப் இரண்டு அடி மட்டும் கேட்டால் தர மாட்டார்கள் என்று நினைத்தேன். “என்ன வேலைக்குண்ணே?” என்று கேட்டார் கடைத் தம்பி. சொன்னேன். மீந்த துண்டுகளைக் கிளறி இரண்டடிக்கும் மேல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உள் உருளையின் நீளமான 58.7 செ.மீ.க்கு அறுத்து, சார்ட் பேப்பரில் ஃபெவிகால் தடவிச் சுற்றிக்கொண்டே போனேன். பத்துச் சுற்றில் 44 மி.மீ. வந்துவிட்டது. ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று, இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கி மேலே குமிழ் கிளம்பும்.

வெளித்தோலுக்கு 3 மி.மீ. சன் போர்டில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்கள், மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். முதல் தடவை ஒட்டியதை மொட்டை மாடியில் காயவைத்தேன். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஷீட் உப்பி, சட்டத்தை விட்டு எழும்பிவிட்டது. முழுவதையும் பிரித்து, இரண்டாம் தடவை வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில். இணைப்புகளில் பட்டி பூசி உப்புத்தாள் போட்டதும் மேடுபள்ளம் மறைந்தது.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. எந்த நாளின் யு-505?

மேல்தளத்தின் நடுவே நிற்கும் கோபுரத்தில் வரையும் சின்னத்திலேயே மூன்று காலம் இருக்கிறது. முதல் கேப்டன் ஆக்ஸல்-ஓலஃப் லோவே, பெயருக்கேற்ற மாதிரி (ஜெர்மனில் லோவே என்றால் சிங்கம்) கோடரி ஏந்திய சிங்கம் வைத்திருந்தார். அடுத்து வந்த பீட்டர் ட்செக் 1936-இல் கடற்படையில் சேர்ந்த அணி. அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் என்பதால் ஐந்து வளையங்கள். கடைசியாக ஹரால்ட் லாங்கே காலத்தில் ஒரு கிளிஞ்சல். நடுக் காலம்தான் மனதைப் பிசைகிறது. 1942 நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு ஹட்சன் விமானம் மிகத் தாழப் பறந்து குண்டு போட்டது. குண்டு மேல்தளத்திலேயே விழ, அந்த வெடிப்பில் விமானமும் சிதறி, அதில் இருந்த அனைவரும் இறந்தார்கள். உடல் கிழிந்த நீர்மூழ்கி ஒரு மாதம் தட்டுத்தடுமாறி பிரான்சின் லோரியான் துறைமுகம் சேர்ந்தது. பழுது பார்க்கவே ஆறு மாதம். பிறகு கிளம்பிய போதெல்லாம் சில நாளில் திரும்ப வேண்டியதாயிற்று, துறைமுகத் தொழிலாளர்கள் செய்த நாசவேலையும் அதற்கு ஒரு காரணம். 1943 அக்டோபர் 24 அன்று ஆழ்குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தன் ஆட்கள் கண்ணெதிரே ட்செக் தன்னையே சுட்டுக்கொண்டார். துணை அதிகாரி பால் மேயர்தான் கப்பலையும் ஆட்களையும் கரை சேர்த்தார். அந்த வளையங்களை வரைய எனக்குக் கை வரவில்லை.

அதனால் 1944 ஜூன் 4 என்று முடிவு செய்தேன். கிளிஞ்சல் சின்னம் என் அளவில் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை, மூன்றாம் முயற்சியில் சரியாக வந்தது. ஒரு வாரம் இழைத்துச் செய்த 10.5 செ.மீ. தளப் பீரங்கியை எடுத்து டப்பாவில் வைத்துவிட்டேன், 1944-இல் அது கப்பலில் கிடையாது. விமானங்களைச் சுடும் துப்பாக்கிகள் மட்டும்தான்.

அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், கேப்டன் டேனியல் கேலரியின் தலைமையில் குவாடல்கனல் என்ற சிறிய அமெரிக்க விமானந்தாங்கியும் ஐந்து துணைக் கப்பல்களும் இதை வளைத்துக்கொண்டன. மேலிருந்த விமானங்கள் நீருக்குள் தெரிந்த நிழலைச் சுட்டு இடம் காட்ட, துணைக் கப்பல்களில் ஒன்றான சாட்டலேன் ஆழ்குண்டு போட்டது. சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது. மேலே வந்ததும் ஜெர்மானியர்கள் நீர் உள்ளே வரத் திறந்துவிட்டு கடலில் குதித்தார்கள். ஆளில்லாத நீர்மூழ்கி, பின்பக்கம் தாழ்ந்தபடி, வலப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

இதைப் படித்த இரவே நேராக ஒட்டியிருந்த சுக்கானை உடைத்தெடுத்து, வலப்பக்கம் திருப்பி ஒட்டினேன். தாங்கு கம்பிகளையும் மாற்றிவிட்டேன், பின்முனை முன்முனையைவிட 3 செ.மீ. கீழே. நீர்மட்டத்துக்கு ஒரு அக்ரிலிக் ஷீட்டைக் கப்பல் வடிவில் வெட்டி நடுவில் மாட்டியிருக்கிறேன். எது நீருக்கு மேலே, எது கீழே என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

பில்ஸ்பரி என்ற இன்னொரு துணைக் கப்பலிலிருந்து படகில் வந்த ஆல்பர்ட் டேவிட்டும் அவருடைய ஆட்களும், எந்த நொடியும் வெடிக்கலாம் என்று தெரிந்தே உள்ளே இறங்கினார்கள். சங்கேதப் புத்தகங்களும், செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் எனிக்மா இயந்திரமும் கிடைத்தன. பின்னால் வந்த குவாடல்கனலின் எஞ்சினியர் ஏர்ல் ட்ரொசினோ செய்தது எனக்கு இன்னும் பிடித்த வேலை: டீசல் எஞ்சின்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கப்பலை வேகமாக இழுக்கச் சொன்னார். நீரின் விசையில் புரொப்பெல்லர்கள் சுழல, அவற்றோடு மின்மோட்டார்கள் சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏறியது. அந்த மின்சாரத்தில் கப்பலின் சொந்த பம்புகளே நீரை வெளியேற்றின. இதைக் காட்டத்தான் புரொப்பெல்லர் தண்டுகளை ஒட்டாமல், பால்பென் ரீஃபில் குழாயில் சுழலும்படி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு பைப்பில் ஜன்னல் வெட்டி உள்ளே கை வைத்தேன். கடல்நீர் வடிகட்டியின் மூடி திறந்து நீர் பீய்ச்சி அடித்தபோது, அந்த மூடியைத் தேடியெடுத்து மாட்டியவர் டேவிட்டின் ஆட்களில் ஒருவரான ஜெனன் லுகோசியஸ். அவர் இல்லாவிட்டால் சிகாகோவில் இன்று எதுவும் இல்லை. மூடிக்கு ஒரு குண்டூசித் தலையை நசுக்கித் தட்டையாக்கினேன். ஆளுக்கு 17 மி.மீ. செம்புக் கம்பி, குனிந்த முதுகு. மூடியைத் தரையில் ஒட்டியாயிற்று. அவர் கைக்கும் அதற்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன்.