ஜி.பி.எஸ். வந்து படுத்து, எழுந்து நடந்த அனுபவம்

கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ்., என்ற பெயரைத் தேடிப்பிடித்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், அநேகமாக உங்களுக்கு வேண்டிய யாரோ ஒருவர் இப்போது ஐ.சி.யூ.வில் இருப்பார், டாக்டர் வெளியே வந்து நாலு வரி சொல்லிவிட்டுப் போயிருப்பார், அதில் பாதி புரிந்திருக்காது. என் வீட்டு ஆட்களும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். அதனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது நடக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். இதைத் தட்டச்சு செய்வதும் நானேதான்.

நோய் என்னவென்று சுருக்கமாக. வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போன சில வாரங்களுக்குள், கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நம் நரம்புகளையே அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. நரம்பின் மேலிருக்கும் மையலின் உறை பாழாகிறது, சிலருக்கு உள்ளே இருக்கும் நரம்பிழையும் சேர்ந்து அடிபடுகிறது, மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேருவதில்லை. அடிக்கடி மாட்டுகிற கிருமி குடலைத் தாக்கும் காம்பைலோபேக்டர். ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருமாம். 1916-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்று மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு சிப்பாய்களுக்கு இப்படி வந்ததை எழுதினார்கள். மூன்றாவது ஆளான ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் எப்படியோ விட்டுப்போயிற்று. படுத்துக் கிடந்தபோது அவருக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறேன், வேறு வேலை என்ன.

எனக்கு இரண்டு பாதத்திலும் சுருசுருவென்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், எனக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பேன். முதலில் பார்த்த டாக்டர் வைட்டமின் குறைவு, டென்ஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் படியில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்துப் பார்த்த டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, கீழேயிருந்து மேலே ஏறுதா? அப்புறம் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவே இல்லை. அந்த நிமிடமே ஆம்புலன்ஸ். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி இரண்டு பக்கமும் சமமாக, கீழேயிருந்து மேலே பலவீனம் ஏறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மூச்சுக்கான தசை வரைக்கும் போகக்கூடிய நோய் இது.

முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், புரதம் கூடுதல், செல்கள் சாதாரணம். நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் சோதனையும் நடந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு நினைவில் நிற்பது நர்ஸ் வந்து செய்யச் சொன்ன ஒரு எளிய விஷயம். "மூச்சை நல்லா இழுத்து, ஒரே மூச்சில ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கக்கா." காலையில் 25-ஐத் தாண்டிப் போனேன். ராத்திரிக்குள் 10-ல் வந்து நின்றது. கதவுக்கு வெளியே நின்று என் கணவரும் கூடவே எண்ணியிருக்கிறார், எங்கே நின்றது என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்கு அது தேவைப்படும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் தொண்டையில் துளை போட்டு அதை அங்கே மாற்றினார்கள்.

ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ.வி.ஐ.ஜி. என்பார்கள், இம்யூனோகுளோபுலின், அதாவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம். வழக்கமாக, ஒரு கிலோ எடைக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது. இல்லையென்றால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றும் சிகிச்சை, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான், இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதால் கூடுதல் லாபம் இல்லை. ஸ்டீராய்டு ஏன் கொடுக்கவில்லை என்று என் மாமா சண்டைக்குப் போனாராம், இந்த நோய்க்கு அது மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த ஐ.வி.ஐ.ஜி. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிக்கிற மருந்து. என் பெயர்கூடத் தெரியாத அத்தனை பேர் ஏதோ ஒரு நாள் கையை நீட்டி உட்கார்ந்திருந்ததால்தான் அந்தப் பாட்டில் என் தலைமாட்டில் தொங்கியது. மற்றவர்கள் உதவியால் பிழைத்தேன் என்று சொன்னால் எல்லோரும் கணவர், தங்கை என்று நினைக்கிறார்கள். நான் இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் வீட்டு ஆட்களுக்கு: அந்த மருந்து ஏறி முடிந்ததும் கை கால் அசையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாக்குதலைத் தணிக்கத்தான் அது, கெட்டுப்போன நரம்பை ஒட்டவைக்காது. மருந்து ஏறின பிறகும் சில நாள் மோசமாகலாம். நோய் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் 2 வாரத்துக்குள், மிஞ்சினால் 4 வாரம். அதற்கப்புறம் ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நிற்கும். அந்த நிற்கிற காலம்தான் கொடுமை. கெட்டுப்போனால்கூட ஏதோ நடக்கிறது என்று இருக்கும். இதில் ஒன்றுமே நடக்காது, மூளை மட்டும் முழுசாக விழித்திருக்கும், காது எல்லாவற்றையும் கேட்கும், பக்கத்து மானிட்டர் சத்தம், நம்மைப் பற்றி நம் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வது எல்லாமே.

முகமும் விழுந்துவிட்டது, கண்ணை மூட முடியாமல் களிம்பு போட்டு டேப் ஒட்டுவார்கள். மேலே பார்ப்பது மட்டும் என்னால் முடிந்தது. அதை வைத்துத் தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் 247 எழுத்தையும் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தாள், ஒவ்வொன்றாகக் காட்டி முடிப்பதற்குள் நான் தூங்கிவிடுவேன். மறுநாள் மெய் 18 தனி வரிசை, உயிர் 12 தனி வரிசை என்று பிரித்து எழுதிவந்தாள். மெய்யில் விரல் வைத்துக்கொண்டே போவாள், சரியான இடம் வந்ததும் நான் மேலே பார்க்க வேண்டும், அப்புறம் உயிர். ம், அதோடு உ. மு. த், மறுபடி உ. து. "முதுகா? முதுகு வலிக்குதாக்கா?" என்றாள். இந்த நோயில் முதுகு வலி அப்படி வலிக்கும், யாருக்கும் தெரியாமல் எத்தனையோ நாளாக வலித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே நரம்பு வலிக்கான மருந்தைக் கூட்டினார்கள். அப்புறம் அட்டையின் கீழே அடிக்கடி வேண்டிய வார்த்தைகளை முழுசாகவே எழுதினாள்: முதுகு, கண், சளி, காலைத் திருப்பு, விளக்கை அணை. கடைசியாக நான் கேட்காமலே ஒன்று சேர்த்திருந்தாள்: பயம். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், மேலே. பார்த்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

"தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாதவளுக்குத் தைரியமும் ஒரு வேலையாகிப்போனது, வந்தவர்களுக்காகச் செய்து காட்ட வேண்டிய வேலை. எனக்கு அந்த நாட்களில் நம்பிக்கை இல்லை, அதைச் சொல்வதில் கூச்சமும் இல்லை. கணவர் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவந்தார். தேதி, எது அசைந்தது, எவ்வளவு. "இடது தோள் லேசாகத் தூக்கினாள்." "வலது கட்டைவிரல், பக்கவாட்டில்." எனக்கு ஒரு மாற்றமும் தெரியாது, நேற்றும் இப்படித்தானே கிடந்தோம் என்றிருக்கும். அவர் பழைய பக்கத்தைத் திருப்பி வாசிப்பார். மறுக்க முடியாது, தேதி போட்டிருக்கிறது. ஆறுதலாக நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ள மாட்டார், அசையாத நாளில் "ஒன்றும் இல்லை" என்றுதான் எழுதியிருக்கும், அதனாலேயே மற்றதை நம்பினேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இதே நோயில் இதே வார்டில் கிடந்த ஒருவரிடம் நர்ஸ் பேசி வரவழைத்திருந்தார். வந்தவர் கதவிலிருந்து என் கட்டில் வரைக்கும் நடந்தார், திரும்பிக் கதவு வரைக்கும் போனார், மறுபடி வந்தார். "பாத்துக்கங்கம்மா, நானும் வென்டிலேட்டர்லதான் இருந்தேன்" என்றார். அப்புறம் அட்டையில் நான் எழுத்துக் கூட்டிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வலி எப்போது குறைந்தது, தொண்டைத் துளை மூடியபின் குரல் எப்படி இருந்தது, ராத்திரி மூச்சு நின்றுவிடும் என்று தோன்றுமா. "தோணும், எனக்கும் தோணுச்சு, நிக்கல" என்றார். அவ்வளவு பேர் சொல்லிய ஆறுதலில் எனக்குப் பிடித்தது அந்த "நிக்கல" ஒன்றுதான்.

நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்று எங்கோ படித்துவிட்டுத் தங்கை முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரைக்கும் கணக்குப் போட்டு, ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் என்று அழுதிருக்கிறாள். டாக்டர்தான் விளக்கினார், உறை மட்டும் கெட்டிருந்தால் அது வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி உருவாகிவிடும், இழையே அறுந்த இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. எனக்கு இரண்டும் கலந்திருந்தது. ஆறு மாதத்தில் 10-ல் ஏறக்குறைய 8 பேர் துணையில்லாமல் நடக்கிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். மீதி இரண்டு பேரில் நான் ஒருத்தியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன் (அதற்குள் குரல் வந்திருந்தது). "அவங்களும் அதுக்கப்புறம் தேறிக்கிட்டேதான் வருவாங்க, கணக்கெடுத்த நாள்தான் ஆறு மாசம்" என்றார்.

வென்டிலேட்டரை விட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், முதலில் சில நிமிடம், அப்புறம் சில மணி நேரம், ராத்திரி கடைசியாக. பிசியோதெரபிதான் நீண்ட கதை. டில்ட் டேபிளில் பெல்ட் போட்டுக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள், பாதி நிமிர்வதற்குள் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும், மறுபடி படுக்கவைப்பார்கள். அப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்பது, வாக்கர், பாதம் தொங்காமல் இருக்கக் காலில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டை. பஞ்சு மேல் நிற்பதுபோல் இருக்கும், தரை எங்கே என்று கண்ணால் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

விடாமுயற்சி என்று இதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். உண்மையில் பிசியோதெரபி தம்பி என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை "போதும்க்கா". தேறிக்கொண்டிருக்கும் நரம்பையும் தசையையும் அளவுக்கு மேல் வேலை வாங்கினால் மறுநாள் முழுக்கக் களைத்துப் படுக்க வேண்டிவரும், சில சமயம் இருந்த பலமும் குறையும். பார்க்க வந்த உறவினர் ஒருவர் உற்சாகமாகக் கை தட்டி "இன்னும் ஒரு ரவுண்டு, இன்னும் ஒரு ரவுண்டு" என்றார். தம்பி வாக்கரின் குறுக்கே வந்து நின்று, "ஐயா, நாளைக்கு நீங்களா வந்து தூக்கி உக்கார வெப்பீங்க?" என்று கேட்டார். களைப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, மறுநாளும் தவறாமல் வந்து அதையே செய்வது. சினிமாவில் காட்டுகிற மாதிரி வியர்வை சொட்டச் சொட்ட எதுவும் நடக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் ரொம்ப போரடிக்கிற வேலை அது.

கூட இருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கணவர் ஒரு கட்டத்தில் மருத்துவமனை நாற்காலியிலேயே தூங்கி எழுந்து, என்ன கேட்டாலும் எரிந்து விழ ஆரம்பித்தார். அவருடைய நண்பர் ஒருவர் வந்து ஒன்றும் பேசாமல் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு, அந்த ராத்திரி தானே வெளியே உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் முறை வைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் தோழி லீவு, காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். போன் எல்லாம் தங்கைக்கு மட்டும். இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதில் ஒன்றைக் கையில் கொடுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே செய்யத்தான் கேட்கிறார்கள்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், சாயந்திரமானால் களைப்பு வந்து அப்படியே அமுக்கிவிடும், இது பல பேருக்கு வருஷக்கணக்கில் இருக்குமாம். கால்விரலில் சுருசுருப்பு இருக்கிறது. திரும்ப வருமா என்ற பயம் ஒவ்வொரு வயிற்றுக் கோளாறுக்கும் எட்டிப் பார்க்கும், மிகச் சிலருக்கே மறுபடி வரும் என்று தெரிந்தும். கையெழுத்து மாறிவிட்டது, வங்கியில் பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். புதுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கை தேறத் தேற அதுவும் மாறிக்கொண்டே வருகிறது, மறுபடி ஒரு தடவை போய்ப் போட வேண்டிவரும் போலிருக்கிறது.